அடைத்த வாயிலும் அன்னத்தின் விலையும்

நம் கல்லூரியின் யூபிலி விழாவை ஒட்டிப் பழைய மாணவர் யாவரும் குடும்ப சமேதராய் ஒரு நாள் ஒன்றுகூடி உணவருந்துவது என்று சில மாதங்களுக்கு முன் தீர்மானமாயிற்று. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கே உண்பது என்ற வினா எழுந்தபோதுதான் சபை மூன்றாகப் பிரிந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அன்பர் ஒருவர், பிள்ளைகளுக்கும் பொழுது போகவேண்டுமாதலால், தென்னிலங்கையிலுள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் செல்லலாம் என்றார். கொழும்பிலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய மற்றொருவர், வாழ்நாளில் ஒருமுறையேனும் பெருநகர்ப் போசனசாலை ஒன்றில் அமர்ந்து நிதானமாக உண்டு பார்க்கவேண்டும் என்றார். தனாதிகாரியோ ஈரிடத்து விலைகளையும் விசாரித்து வந்து, "இரண்டும் பகற்கொள்ளை, வித்தியாசம் மேசை விரிப்பில் மட்டுந்தான்" என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

சபை சிரித்துக் கலைந்தது. ஆயின் தனாதிகாரியின் கூற்று நம்மை விட்டு அகலவில்லை. இரண்டும் ஒன்றுதானா? உயர்ந்த விலை என்ற ஒரே காரணத்தால் இரு விலைகளையும் ஒரு தராசிலே நிறுக்கலாமா? சிந்தித்துப் பார்த்ததில் நாம் கண்ட முடிபு, அவை இரண்டும் ஒன்றல்ல என்பதே. ஒன்று கைத்திறனுக்குக் கொடுக்கும் விலை. மற்றையது அடைத்த வாயிலுக்குக் கொடுக்கும் விலை. இவ்வேறுபாட்டை வன்னி மண்ணில் வாழ்வோர் பிறரினும் தெளிவாக உணரக் கடமைப்பட்டவர்கள். அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

ஒரு தட்டு உணவின் விலையைப் பகுத்து நோக்கினால் அதிலே நான்கு கூறுகள் அடங்கியிருத்தலைக் காணலாம். பண்டத்தின் விலை ஒன்று. உழைப்பின் கூலி இரண்டு. இடத்தின் வாடகையும் அரசாங்க வரியும் மூன்று. இம்மூன்றும் கிளிநொச்சிச் சந்தையருகே உள்ள சோற்றுக்கடையிலும் உண்டு, கொழும்புக் காலிமுகத்து மாளிகைகளிலும் உண்டு, அளவில்தான் வேற்றுமை. நான்காவது கூறு ஒன்று உளது. வாங்குவோனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை விற்போன் அறிந்திருப்பதால் ஏறும் விலை அது. அதற்குப் பதிலாக வாங்குவோன் கையில் யாதொன்றும் வந்து சேர்வதில்லை.

முதலிற் பெருநகர்ப் போசனசாலையை எடுத்துக்கொள்வோம். கொழும்புக் கோட்டையிலே, ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடத்தில், 2011 ஆம் ஆண்டு 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்' என்னும் போசனசாலை தொடங்கப்பட்டது. சமையற் கலைஞர் தர்சன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்களான மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் அதனை நிறுவினர். களப்புகளிற் பிடிபடும் சேற்று நண்டே அங்கு பிரதான உணவு. அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை நண்டை நிறைவாரியாகத் தரம் பிரித்து, நிறைக்கேற்ப விலை குறிக்கிறார்கள். பெரிய நண்டு ஒன்றின் விலை நம் ஊரிலே ஒரு குடும்பம் பல நாள் உண்ணும் செலவாகும்.

நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தொழில் செய்வோர் வீட்டிலே நண்டுக்குழம்பு புதுமையன்று. ஆகவே இவ்விலையைக் கேட்டதும் முல்லைத்தீவு அன்பர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். ஆயினும் சற்றே பொறுத்துக் கணக்குப் பார்க்கவேண்டும். நண்டு இறந்த மாத்திரத்தே அதன் தசை கெடத் தொடங்கும். ஆதலால் கால்களைக் கட்டி, ஈரங்காயாமற் பொதிந்து, உயிரோடு நகரஞ் சேர்க்கவேண்டும். வழியில் இறந்தது விலை போகாது. தசை நிரம்பிய நண்டையும் உள்ளீடற்ற நண்டையும் கையால் அழுத்திப் பார்த்தே பிரிக்கவேண்டும். சிங்கப்பூரிலுள்ள உணவகங்களும் 'இலங்கை நண்டு' என்று நம் நாட்டின் பெயராலேயே அதனை அழைத்து வாங்குகின்றன. அங்குள்ளோர் கொடுக்கும் விலையோடு கொழும்பு போட்டியிட வேண்டியிருக்கிறது. இனி அடுக்களைக்குள்ளே பயின்ற சமையற்காரர் பலர். மேசைக்கு மேசை பரிமாறுவோர். ஓர் இரவுக்கு ஒரு மேசையில் ஒரு கூட்டத்தார், மிஞ்சினால் இரு கூட்டத்தார். இத்தனைக்கும் மேலே வழக்கமான 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரியும் உள.

இவ்விலை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உண்ணப் புகுவோன் வாயிலிலேயே விலைப்பட்டியலைப் பார்க்கலாம். பிடிக்காவிடின் எழுந்து வந்து, சில நூறு யார் நடந்து, புறக்கோட்டையிலே மலிவான சோற்றுக்கடை ஒன்றில் வயிறு நிரம்ப உண்ணலாம். அவனைத் தடுப்பார் இல்லை. அவன் கொடுக்கும் பணத்திற் சில அற்ப டம்பத்துக்குப் போகலாம். பெரும்பகுதி பண்டத்துக்கும் திறனுக்குமே போகிறது.

திறனுக்கு விலை உயர்ந்தே இருக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. சிங்கப்பூரில் சீனர் பகுதிக் கடைத்தொகுதியிலே சான் ஹொன் மெங் என்பவர் நடத்திய கோழிச்சோற்றுக் கடைக்கு 2016 ஆம் ஆண்டு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. உலகத்துப் பெரிய போசனசாலைகள் தவங்கிடக்கும் விருது அது. அவர் விற்ற தட்டின் விலை ஏறக்குறைய 2 சிங்கப்பூர் டொலர். 2021 இல் அவ்விருது அவர் கையை விட்டுப் போயிற்று என்பது வேறு கதை. திறமை விலையை உயர்த்தலாம், உயர்த்தாமலும் விடலாம் என்பதற்கு இது சான்று.

இனி மற்றைய பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் மாணவரோடு கல்விச் சுற்றுலாவுக்குத் துணையாக நாமும் சென்றிருந்தோம். இரவு முழுதும் பஸ் வண்டியிற் பிரயாணம், காலையில் நூதனசாலை, அதன்பின் கேளிக்கைப் பூங்கா ஒன்று. பிள்ளைகளின் தாய்மார் முதல்நாள் மாலையிலிருந்து அடுப்படியில் நின்று, பிட்டும் சம்பலுமாக வாட்டிய வாழையிலையிற் பார்சல் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பூங்காவின் வாயிலிலே காவலாளி மரியாதையாகவே பேசினார். வெளியுணவுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார். பார்சல்கள் பஸ் வண்டியிலேயே தங்கிவிட்டன.

நண்பகலில் உள்ளேயிருந்த உணவுச்சாலைக்குச் சென்றோம். கிளிநொச்சி நகரில் விற்கும் சோற்றின் விலைக்கு மும்மடங்கு. கறிகளோ அதனிலும் கீழ்த்தரம். வசதியுள்ள பிள்ளைகள் வாங்கி உண்டனர். வசதி குறைந்தோருக்கு ஆசிரியர்கள் தம் கைப்பணத்திலிருந்து வாங்கிக் கொடுத்தனர். ஒரு மாணவன் மட்டும், "எனக்குப் பசிக்கேல்லை, சேர்" என்று சொல்லி ஒதுங்கிப் போனான். மாலை நான்கு மணிக்கு நாம் பஸ் வண்டிக்குத் திரும்பியபோது, அவன் முன்னரே வந்து, வெயிலிற் புளித்துப்போன தன் பார்சலைக் கடைசி இருக்கையிலிருந்து அவிழ்த்து உண்டுகொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் இலையை மடித்து மறைத்தான். அவன் உண்டது திருட்டுச் சோறன்று. தாய் கட்டிய சோறு. அதனை ஒளித்து உண்ண வேண்டியவனாக அவனை ஆக்கியது யாது? சோற்றின் விலையா? அன்று, வாயிலின் விலை.

சில காலத்தின் பின் கொழும்பில் வசிக்கும் பழைய மாணவர் ஒருவர் நம்மை உயர்தரப் போசனசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். தலைக்கு ஆன செலவு பூங்காவிற் கொடுத்ததினும் பன்மடங்கு. ஆயினும் அன்றிரவு நம் மனத்திலே கசப்பு இருக்கவில்லை; பூங்காவின் சிறிய விலையோ இன்றும் கசக்கின்றது. பெரிய தொகை கசவாமலும் சிறிய தொகை கசந்தும் இருப்பதாயின், கசப்பின் வேர் தொகையிலே இல்லை என்பது தெளிவு.

பூங்காக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். கேளிக்கைப் பூங்காக்களுக்கு முன்மாதிரியாகிய டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 ஆம் நாள் கலிபோர்னியாவிலே திறக்கப்பட்டது. அன்று உள்ளே செல்வதற்கு மாத்திரம் 1 டொலர்; ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கட்டணம். இன்று எல்லாம் ஒரே சீட்டில் அடங்குகின்றன. 2025 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, மிக நெரிசலான நாளுக்குரிய சீட்டு 224 டொலர். இத்தகைய தொழிலுக்கு முதலீடு பெரிது. விடுமுறை நாளிலே வெள்ளம்போற் சனம். மற்றை நாளிலே வெறுமை. எனினும் எல்லா நாளும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், இயந்திரங்களைப் பழுது பார்க்கவேண்டும். வெளியுணவை அனுமதித்தால் குப்பை பெருகும், கெட்ட உணவால் நோய் வந்தால் பழி நம்மேல் விழும் என்றும் அவர்கள் சொல்வார்கள். இவற்றுட் பல உண்மையே.

பொருளியல் கற்ற மாணவர் ஒருவர் இன்னொரு நியாயத்தை எடுத்துக் காட்டினார். உணவின் விலையைக் குறைத்தால் நுழைவுச்சீட்டின் விலையைக் கூட்டுவார்கள். மொத்தத்தில் ஒன்றுதானே என்றார். கணக்கு அவ்வாறே இருக்கலாம். ஆயின் நுழைவுச்சீட்டின் விலை வீட்டை விட்டுப் புறப்படுமுன் தெரிகிறது. தகப்பன் கைப்பணத்தை எண்ணிப் பார்த்துப் போவதா விடுவதா என்று தீர்மானிக்கிறான். உணவின் விலையோ உள்ளே புகுந்தபின், பிள்ளை பசியென்று அழும்போது தெரிகிறது. அறிந்து கொடுப்பதும் அகப்பட்டுக் கொடுப்பதும் ஒன்றாகா.

இந்த நான்காவது கூறு, வியாபாரம் செய்வோர் சொல்வதுபோல் தவிர்க்க முடியாததும் அன்று. டிஸ்னி நிறுவனமே தன் அமெரிக்கப் பூங்காக்களில் விருந்தினர் தம் உணவைக் கொண்டுவர இடங்கொடுக்கிறது. 1983 இல் திறக்கப்பட்ட தோக்கியோப் பூங்காவிலோ, வீட்டு உணவை வாயிலுக்கு வெளியேயுள்ள தனியிடத்தில் உண்ணவேண்டும் என்பது விதி. ஒரே பெயருடைய பூங்காவுக்கு ஓரிடத்தில் ஒரு வழக்கம், வேறிடத்தில் வேறொரு வழக்கமாயின், இது இயற்கையின் விதியன்று, மனிதர் வகுத்த விதியென்பது வெளிப்படை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே அகஸ்தா என்னும் ஊரில் ஆண்டுதோறும் மாஸ்டர்ஸ் கொல்ஃப் போட்டி நடைபெறுகிறது. நுழைவுச்சீட்டு எளிதிற் கிடையாது. காண வருவோர் செல்வர். அவர்களிடம் என்ன விலை கேட்டாலும் கொடுப்பார்கள். இருந்தும் அங்கே முட்டை அடைத்த சான்ட்விச் ஒன்று ஒன்றரை டொலருக்கே விற்கப்படுகிறது. அதே மாநிலத்து அட்லாண்டா நகரிலே 2017 இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கிலே, பழைய அரங்கில் இருந்த உணவு விலைகளைப் பாதியாகக் குறைத்து, ஹொட் டோக் ஒன்றையும், மீள மீள நிரப்பிக் குடிக்கும் பானத்தையும் 2 டொலருக்கு விற்றார்கள். நட்டம் வந்ததா? இல்லை. முதற் பருவத்திலேயே ஒவ்வொருவரும் உணவுக்குச் செலவழித்த தொகை 16 சதவீதம் ஏறியது. மலிவாக இருந்தமையால் மக்கள் மனமுவந்து கூடுதலாக வாங்கினர். நியாய விலை நட்ட விலை அன்று என்பதை இக்கணக்கு நிறுவுகின்றது.

விமான நிலையமும் அடைத்த வாயிலையுடைய இடமே. அமெரிக்காவின் போர்ட்லண்ட் விமான நிலையத்திலே, நகரத்துக் கடையில் விற்கும் விலைக்கு மேல் விற்கலாகாது என்பது நெடுநாள் ஒழுங்காக இருந்துவந்தது. நம் அயல்நாட்டிலும் நல்ல முன்மாதிரி ஒன்று தோன்றியிருக்கிறது. 2024 டிசம்பரிலே கொல்கத்தா விமான நிலையத்திலும், 2025 பெப்ரவரியிலே சென்னை விமான நிலையத்திலும் 'உடான் யாத்ரி கஃபே' என்னும் சிற்றுண்டிச்சாலைகள் திறக்கப்பட்டன. தேநீர் 10 ரூபாய், தண்ணீர்ப் போத்தல் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று விலை குறித்தார்கள். பக்கத்திலே விலையுயர்ந்த கடைகளும் மூடப்படாமல் நடந்துவந்தன. வேண்டியவர் அங்கே போகலாம். எளியவர் பட்டினி கிடக்கத் தேவையில்லை என்பதே இதன் கருத்து.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில், திரையரங்கு தனியாருடைமையாதலால் வெளியுணவைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. ஆயினும், அரங்குகளில் குடிநீர் விலையின்றிக் கொடுக்கப்படுவதையும், குழந்தைகளுக்குரிய உணவைப் பெற்றோர் கொண்டுசெல்ல விடுவதையும் அத்தீர்ப்பிலே குறிப்பிட்டது. நம் நாட்டிலே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரிகள் விலைப்பட்டியலைக் கண்ணிற் படும்படி வைக்கவேண்டும் என்று விதிக்கிறது. 2025 இல் போத்தற் குடிநீருக்கு உச்ச விலை குறிக்கப்பட்டது. அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. இவை நல்ல ஏற்பாடுகள். எனினும் சட்டம் தண்ணீர்ப் போத்தலின் விலையைக் குறிக்கலாம். சோற்றுத் தட்டின் விலையைக் குறிப்பது அரிது. சட்டம் நிற்குமிடத்தில் மனச்சாட்சிதான் மேலே நடக்கவேண்டும்.

இனி, இது வன்னிக்கு என்ன சம்பந்தம் என்று வினவும் வாசகருக்கு விடை கூறுவோம்.

அடைத்த வாயிலுக்குள்ளே விலை எவ்வாறு ஏறும் என்பதை நாம் நூல்களிற் படித்து அறிந்தவர்கள் அல்லர். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் என்ன விலைக்கு விற்றன என்பதை அக்காலத்துப் பெற்றோர் ஒவ்வொருவரும் சொல்வர். வீதி அடைபட்டால் வெளியிலே மலிந்து கிடக்கும் பண்டம் உள்ளே பொன்னாகும். 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய மணற்பரப்பிலே, அரிசிக்கும் மாவுக்கும் குழந்தைகளின் பாலுக்கும் விலை என்று ஒன்று இருந்ததா என்பதே ஐயம்; தாலிக்கொடி விற்றும் வாங்க முடியாத நாட்கள் இருந்தன. அந்நாட்களில் உயிரைக் காத்தது விலைக்கு வாங்கிய உணவன்று. அரிசியும் உப்பும் நீரும் சேர்த்துக் காய்ச்சி, வரிசையில் நின்றோர்க்கு வார்க்கப்பட்ட கஞ்சி. ஆண்டுதோறும் மே மாதத்தில் நம் மக்கள் அக்கஞ்சியையே நினைவாகக் காய்ச்சி வழங்குகின்றனர்.

கேளிக்கைப் பூங்காவின் உணவு விலையையும் அத்துன்பத்தையும் ஒப்பிடுகிறோம் என்று எவரும் கருதவேண்டாம். அது மடமையும் பாவமும் ஆகும். நாம் கூறுவது வேறு. அகப்பட்டவனிடம் அதிக விலை வாங்குதல் எத்தகைய செயல் என்பதைத் தன் வயிற்றால் அறிந்த சமூகம், தான் விற்போனாய் நிற்கும் காலத்தில் அச்செயலைச் செய்யலாகாது என்பதே நம் வாதம்.

அக்காலமோ வந்துகொண்டிருக்கிறது. புகையிரதம் 2013 இல் கிளிநொச்சியையும் 2014 இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். புலம்பெயர்ந்த உறவினர் ஆவணியிலே பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குகின்றனர். இயக்கச்சியிலே றீச்சா என்னும் பெரும் பண்ணை மக்கள் சென்று பார்க்கும் இடமாக வளர்ந்திருக்கிறது. குளக்கரைகளிலும் கடற்கரைகளிலும் விடுதிகள் எழுகின்றன. இவற்றை நாம் வரவேற்கிறோம். நம் இளைஞருக்கு வேலை வேண்டும். நம் மண்ணில் முதலீடு வேண்டும். நாளைக்கு நம் பழைய மாணவரும் இரணைமடுப் பக்கத்திலோ முல்லைக் கரையிலோ பூங்கா அமைப்பர், அமைக்கட்டும். அவ்வாறு அமைக்கும்போது வாயிலை எப்படி வைப்பார்கள் என்பதே வினா.

இதற்கு நாம் அமெரிக்கா வரை போய் முன்மாதிரி தேடவேண்டியதில்லை. ஏ9 வீதியிலே முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நில்லாமற் போகும் வாகனம் இல்லை. அங்கே இறங்குவோர் யாவரும் சிறிது நேரமேனும் அவ்விடத்திற்குக் கட்டுப்பட்டவரே. ஆயினும் கச்சான் விற்கும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி விலையைக் கூட்டினால் அடுத்தவளிடம் செல்லலாம். கடை திறந்த வெளியில் இருக்கிறது; வாயில் இல்லை. கையிற் சோற்றுப் பார்சல் உள்ளவன் மரநிழலில் அமர்ந்து உண்டுவிட்டுப் போகலாம். ஆகையால் விலை நியாயமாகவே நிற்கிறது. கச்சானுக்கோ நாடெங்கும் பெயர்.

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளைக்குச் சென்றோர் இன்னும் மேலானதொன்றைக் கண்டிருப்பர். இலட்சோபலட்சம் மக்கள், வெயிலிலே கால்நடையாக வந்தோர், கைக்குழந்தையோடு நிற்போர். சனநெரிசலினின்று வெளியேறவும் இயலாது. வியாபாரக் கண்ணால் நோக்கினால் இதனினும் இலாபகரமான நாள் வேறில்லை. ஆயின் நம் முன்னோர் அந்த நாளுக்கென்றே தண்ணீர்ப் பந்தல் அமைத்தார்கள். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கேட்பார்க்கும் கேளார்க்கும் வலிந்து கொடுக்கப்படுகின்றன. தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே மக்கள் அழைக்கின்றனர். மக்கள் எங்கே அதிகமாக அகப்பட்டு நிற்கின்றார்களோ அங்கே உணவும் நீரும் விலையின்றி இருக்கவேண்டும் என்பது நம்மவர் வகுத்த நெறி. மற்றையோர் விலையை ஏற்றும் இடத்திலே நம்மவர் விலையையே நீக்கினார்கள். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்ததும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அதிகமாக வாங்காமலும் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாராட்டியதும் இந்நெறியைச் சார்ந்தனவே.

அவ்வாறாயின் பூங்காவிலே யாவருக்கும் இலவசச் சோறு போடச் சொல்கிறீரா என்று முதலீட்டாளர் கேட்கலாம். இல்லை. வியாபாரம் வியாபாரமாகவே நடக்கவேண்டும். இலாபமின்றேல் சம்பளமும் இல்லை. உயர்ந்த விலையைக்கூட நாம் எதிர்க்கவில்லை. திறனுக்குரிய விலையாயின் அதனை விரும்புகிறோம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கொழும்புக்கு நிகரான போசனசாலை ஒன்று ஏன் எழலாகாது? குளத்து விரால், களப்பு நண்டு, மொட்டைக்கறுப்பன் அரிசி, எருமைத் தயிர், காட்டுத் தேன், பனங்கட்டி ஆகிய இவையெல்லாம் நம் வாசலில் உள்ள பண்டங்கள். இவற்றை இங்கிருந்து மலிவாக அனுப்பிவிட்டு, அங்கே பெருவிலை கொடுத்து உண்ணப் போகிறோம். நம் சமையற்காரரின் கைக்கு உரிய மதிப்புக் கொடுத்து, கடற்றொழிலாளிக்கும் விவசாயிக்கும் உரிய பங்கு கொடுத்து, அதற்கேற்ப விலை குறித்தால், அவ்விலை எவ்வளவு உயர்ந்ததாயினும் நாம் தலைவணங்குவோம். அறிவியல் நகரிலே விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன; வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கே கற்கும் நம் மாணவர் இத்துறையிற் கருத்தைச் செலுத்துவாராக.

நாம் வேண்டுவன நான்கே. வன்னியிற் பூங்காவோ விடுதியோ அமைக்கும் பழைய மாணவர், உணவின் விலைப்பட்டியலை நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும், பெரிய எழுத்திற் பொறித்து வைப்பாராக. குடிநீரை விலையின்றி வைப்பாராக. வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை உண்பதற்கு உள்ளேயே மரநிழலில் ஓரிடமும் கைகழுவ நீரும் குப்பைக்கு ஒரு தொட்டியும் ஒதுக்குவாராக. நான்காவதாக, எத்தனை வகை உயர்ந்த உணவுகளை விற்றாலும், நகரத்துச் சோற்றுக்கடை விலையிலே ஒரு சாதாரணச் சாப்பாடும் கிடைக்கச் செய்வாராக. இவற்றால் எவருடைய தொழிலும் நொடிந்துபோகாது என்பதற்கு அட்லாண்டாக் கணக்கை மேலே காட்டினோம்.

பாடசாலைகளை நடத்துவோருக்கும் ஒரு சொல். சுற்றுலாவுக்கு இடந்தேரும்போது, அங்கே பிள்ளை தன் தாய் கட்டிய சோற்றை வெளிப்படையாக உண்ண இடமுண்டோ என்பதையும் விசாரித்துத் தெரிவு செய்தல் நலம். ஐம்பது பாடசாலைகள் அக்கேள்வியைக் கேட்டால் வாயிற் காவலாளிக்கு வேறு கட்டளை பிறக்கும்.

ஈற்றிலே நம் யூபிலி விருந்துக்கு வருவோம். தனாதிகாரிக்கு நாம் கூறும் விடை இதுதான்: ஐயா, இரண்டும் பகற்கொள்ளை அன்று, ஒன்று உயர்ந்த விலை, மற்றது அகப்பட்ட விலை. முன்னதைக் கொடுக்க நம்மிடம் பணம் போதாது; பின்னதைக் கொடுக்க நமக்கு மனம் வராது. ஆகவே விருந்தை நம் கல்லூரி முற்றத்து மரநிழலிலேயே வைப்போம். வன்னியிற் கைதேர்ந்த சமையற்காரரை அழைத்து, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமற் கொடுப்போம். தலைக்கு ஆகும் பணத்தை முன்கூட்டியே அறிவிப்போம். இயலாதவர் பங்கை இயன்றவர் ஏற்போம். அன்று கல்லூரி வாயிற் கதவு இரண்டும் திறந்தே இருக்கட்டும். வாயிலருகே ஒரு மோர்ப் பானையையும் வைப்போம். வீதியாற் போகிறவரும் வந்து பருகட்டும். சுற்றுலாவிலே பார்சலை மறைத்து உண்ட அந்த மாணவன் இன்று வளர்ந்து எங்கேனும் தொழில் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைப்போன்ற ஒருவன் அவ்வழியாக வருவானாயின், அவன் எதனையும் மறைக்க வேண்டியதில்லாத பந்தியாக நம் பந்தி அமையட்டும்.